பாண்டி ஈவினிங் சூப்பர்தான்... ஆனா வாய்க்காலைத் தாண்டிப் போயிருக்கீங்களா?

மாலை 6 மணிக்குப் பூட்டப்படும் சாலை, காணாமல் போய்த் திரும்பி வந்த மணல், திண்ணை வைத்த வீடுகள்... புதுச்சேரியின் பழைய நகரில் ஒரு மாலை ஏன் இவ்வளவு பிடித்துப்போகிறது? ஓர் அலசல்.

சங்ககிரியிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போனால் கிட்டத்தட்ட 5 மணி நேரம். சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் தாண்டித்தான் கடல் காற்று முகத்தில் அடிக்கும். காலேஜ் படிக்கும்போது முதல்முறை போனோம். ஒன்பது பேர், ஒரு வேன். மஞ்சள் சுவர் முன்னாடி நின்று போட்டோ, ஒரு பீட்சா, பீச் ரோட்டில் ஒரு நடை, திரும்ப வேன். போனில் 400 போட்டோ இருந்தது. ஊரைப் பார்த்தோமா என்று கேட்டால் பதில் இல்லை.

போன டிசம்பரில் இரண்டாவது முறை அம்மா, அப்பாவோடு போனேன். ஒயிட் டவுன் கஃபே ஒன்றின் வாசலில் இருந்த மெனு கார்டில் காபி விலையைப் பார்த்தார் அப்பா. லாரி புக்கிங் ஆபீஸில் 30 வருஷம் கணக்கு எழுதியவர். "இந்தக் காசுக்கு நம்மூர்ல எட்டுப் பேரு டீ குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, டீக்கடை தேடி மேற்கே நடக்க ஆரம்பித்துவிட்டார். நாங்களும் பின்னாடியே போனோம். ஒரு வாய்க்கால் வந்தது. தாண்டினோம்.

அங்கே வரிசையாகத் திண்ணை வைத்த வீடுகள். மரத்தூண், ஓட்டுத் தாழ்வாரம், திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஒரு பெரியவர். அம்மா நின்றுவிட்டார். "உங்க அப்புச்சி ஊட்டுத் திண்ணையும் இப்படித்தான கண்ணு இருந்துச்சு?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்தத் திண்ணையை இடித்துத்தான் நாங்கள் ஷட்டர் போட்டு இரண்டு பைக் நிறுத்த இடம் செய்தோம்.

வீட்டில் இருந்ததை இடித்துவிட்டு, அதே மாதிரி ஒன்றைப் பார்க்க 5 மணி நேரம் பயணம் செய்து வந்திருக்கிறோம். ஏன்? இந்த ஊரின் மாலையில் அப்படி என்ன இருக்கு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தத் தெருக்களை வரைந்தது பிரெஞ்சுக்காரர்கள்தானா?

முழுசா இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே குடியேறியது 1674-ல். ஆனால் 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து, 1699 வரை வைத்திருந்தார்கள். இன்று நாம் நடக்கும் நேர்கோட்டுத் தெருக்கள், கட்டம் போட்ட நோட்டு மாதிரியான அமைப்பு, அந்தச் சில வருடங்களில் டச்சுக்காரர்கள் போட்ட திட்டத்தில் தொடங்கியது. பிறகு வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே வளர்த்தார்கள்.

1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் கட்டிடங்களையும் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு ஊர் திரும்பக் கிடைத்தது. 1765-லிருந்து மறுபடி கட்டினார்கள், பழைய தெருக் கோட்டின் மேலேயே. அதனால் வீடுகளைவிடத் தெருக்களுக்கு வயசு அதிகம்.

இந்தக் கட்டத்துக்கு ஒரு நடைமுறைப் பலன் உண்டு. கிழக்கு மேற்காகப் போகும் தெருக்கள் கடலிலிருந்து நேராக உள்ளே வருகின்றன. பிற்பகலுக்குப் பிறகு கடல் காற்று அந்தத் தெருக்கள் வழியாக ஊருக்குள் நுழையும். மாலையில் நடக்கும்போது ஒவ்வொரு முனையிலும் சட்டென்று ஒரு காற்று அடிக்கிறதே, அதுதான் காரணம்.

சங்ககிரிக்காரர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு கனெக்‌ஷன். திப்பு சுல்தானுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் இருந்த நட்பு நமக்குத் தெரியும். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் சேலம் வட்டாரம், நம்ம மலைக்கோட்டையோடு சேர்த்து, திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. அடுத்த வருஷமே, 1793-ல், புதுச்சேரியும் மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டு ஊரும் ஒரே சண்டையின் இரண்டு முனைகள்.

6 மணிக்கு என்ன நடக்கிறது?

பீச் ரோட்டின் அரசுப் பெயர் கூபேர் அவென்யூ. புதுச்சேரியின் முதல் முதல்வராக இருந்த எதுவார் கூபேரின் பெயர். நீளம் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். தினமும் மாலை 6 மணிக்குப் போலீஸ் தடுப்பு போட்டுவிடும். மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

6 மணி வரை அது சாதாரண ரோடு. ஹாரன், பைக், கார். தடுப்பு போட்ட 10 நிமிடத்தில் நடு ரோட்டில் குழந்தைகள் ஓடுகிறார்கள். கைத்தடி வைத்த தாத்தா பயமில்லாமல் நடக்கிறார். என் அம்மா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தார் ரோட்டின் நடுவில், இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்காமல், கதை பேசிக்கொண்டே நடந்தார். "வண்டி வருதா பாரு" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அங்கே பார்க்க நிறைய இருக்கு. செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட எட்டுக் கல்தூண்களுக்கு நடுவே காந்தி சிலை. எதிரே 1836-ல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னம், 1938-ல் திறக்கப்பட்டது. ஆனால் கூட்டம் வருவது சிலைக்காக இல்லை. காசு கொடுக்காமல், யாரும் விரட்டாமல், குடும்பத்தோடு மூன்று மணி நேரம் இருக்க ஓர் இடம். நம்ம ஊர்களில் கோயில் பிராகாரத்தை விட்டால் அப்படி எத்தனை இடம் இருக்கு?

ஒரு சின்னத் தகவல்: இது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் மறைவதை இங்கே பார்க்க முடியாது. ஊருக்குப் பின்னாடிதான் மறையும். அதற்குப் பதில், பௌர்ணமியன்று போனால் நிலா கடலிலிருந்து ஏறுவதைப் பார்க்கலாம்.

பீச் ரோட்டில் பீச் எங்கே போச்சு?

ரொம்ப வருஷமாக இங்கே வந்தவர்கள் கேட்ட கேள்வி இது. பீச் ரோடு இருந்தது, கருங்கல் குவியல் இருந்தது, மணல் இல்லை.

காரணம் எளிது. நம் கிழக்குக் கரையில் அலைகள் வருடத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். ஒரு மணல் ஆறு கரையோரமாக ஓடுவது மாதிரி. 1980-களின் கடைசியில் நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டி, கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். மணல் ஆற்றுக்குக் குறுக்கே அணை போட்ட மாதிரி ஆச்சு. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே, அதாவது நகரின் முன்னால், கடல் எடுத்துப்போன மணலுக்குப் பதில் மணல் வரவில்லை. சில வருடங்களில் பீச் கரைந்தது. ரோட்டைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அதற்கு வடக்கே இருந்த மீனவக் கிராமங்களை அரிப்பு தொட்டது. அங்கேயும் கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, தமிழ்நாட்டுக் கரைக்கு நகர்ந்தது. நகரவாசிகளுக்குப் போனது வாக்கிங் இடம். மீனவர்களுக்குப் போனது படகு நிறுத்தி வலை காய வைத்த இடம்.

பிறகு சென்னையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு யோசனையைச் செய்து பார்த்தது. தலைமைச் செயலகத்துக்கு அருகே, கரையை ஒட்டிய கடலுக்குள், ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய எஃகு அமைப்பை 2018-ல் இறக்கினார்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கும் திட்டு மாதிரி அது அலையின் வேகத்தைக் குறைக்கிறது, ஓடும் மணலைத் தங்க வைக்கிறது. சில மாதங்களில் மணல் தெரிய ஆரம்பித்தது. காந்தி சிலை பக்கம் இன்று பிள்ளைகள் மணலில் விளையாடுகிறார்கள் என்றால், அது 30 வருஷம் காணாமல் போய்த் திரும்பி வந்த மணல்.

எச்சரிக்கை: மணல் வந்துவிட்டது என்பதற்காக இறங்கிக் குளிக்கக் கூடாது. அலை இழுப்பு அதிகம், அடியில் கற்கள் உண்டு. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாய்க்காலுக்கு மேற்கே என்ன இருக்கு?

இதுதான் முக்கியமான விஷயம். பழைய நகரை வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால் ஒன்று பிரிக்கிறது. கிழக்கே கடல் பக்கம் ஐரோப்பியர்கள் இருந்தது 'வெள்ளை நகரம்'. மேற்கே தமிழர்கள் இருந்தது 'கருப்பு நகரம்'. ஆமாம், அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள். ஒயிட் டவுன் என்ற பெயர் சுவரின் நிறத்தை வைத்து வந்ததல்ல, தோலின் நிறத்தை வைத்து வந்தது.

பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் கைமாறிவிட்டது. 1962-ல் சட்டப்படியும் முடிந்தது. ஆனால் ரீல்ஸ் போடும் நாம் மட்டும் இன்னும் வாய்க்காலுக்குக் கிழக்கேயே நிற்கிறோம்.

மேற்கே என்ன இருக்கு? ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கு. கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷாக இருந்த பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை, அரண்மனைச் சண்டை, ஊர் வதந்தி எல்லாம் அதில் உண்டு. 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அழகான இந்தத் தெருக்களின் அழகில்லாத பக்கமும் தெரிய வேண்டும் என்றால் அதைப் படிக்க வேண்டும்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கு. ஆங்கிலேய அரசின் கைதிலிருந்து தப்பி 1908-ல் இங்கே வந்தவர், 1918 வரை பத்து வருஷம் இந்தத் தெருக்களில்தான் நடந்தார். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. இரண்டும் இப்போது நினைவு இல்லங்கள். உள்ளூர்க்காரர்கள் சம்பா கோயில் என்று சொல்லும் மாதா கோயில், முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம் வீடுகள், எல்லாமே நடக்கும் தூரம்தான்.

வீடுகளைக் கவனியுங்கள். கீழே திண்ணை, மரத்தூண், தாழ்வாரம், சுத்தமான தமிழ் வீடு. அண்ணாந்து பார்த்தால் மாடியில் வளைவு ஜன்னல், தூண், பலகணி என்று பிரெஞ்சு பாணி. ஒரே வீட்டில் இரண்டு ஊர். ஒயிட் டவுன் வீடுகள் உயரமான மதில் எழுப்பி உள்ளே தோட்டம் வைத்துக்கொண்டன. தமிழ் வீடுகள் தெருவைப் பார்த்துத் திண்ணை வைத்தன. முன்னது போட்டோவுக்கு அழகு. பின்னதில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், வழி கேட்டால் சொல்வார்கள். எங்களுக்கு டீக்கடை வழி சொன்னதும் திண்ணையில் பேப்பர் படித்த அந்தப் பெரியவர்தான்.

இதெல்லாம் எப்படித் தப்பிச்சது?

எல்லாம் தப்பிக்கவில்லை. பழைய வீடுகள் நூற்றுக்கணக்கில் போய்விட்டன. பங்காளிகள் பிரிக்க முடியாத சொத்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காதது, ஏறிய மனை விலை, இவைதான் வழக்கமான காரணங்கள். நம்ம ஊரிலும் அதே கதைதானே?

அரசுக் கட்டிடமும் விதிவிலக்கு இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டிடம், அதாவது நகராட்சி மண்டபம், பல வருஷம் பராமரிப்பில்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே முகப்போடு திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். இப்போது பீச் ரோட்டில் வெளிச்சம் போட்டு நிற்பது அந்தப் பிரதி. பார்க்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் சுமார் 150 வருஷக் கட்டிடம் என்று நினைத்துப் போட்டோ எடுக்காதீர்கள்.

தப்பித்ததற்கு நல்ல உதாரணம் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வைசியாள் வீதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பும் உள்ளூர் நிர்வாகமும் 2000-களின் தொடக்கத்தில் அந்தத் தெருவின் வீட்டு முகப்புகளைச் சீர்செய்தன. ஒரு வீட்டை மட்டும் மியூசியமாக்காமல், தெருவையே ஒரு யூனிட்டாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர்களைக் காலி செய்யவில்லை. திண்ணையும் தாழ்வாரமும் திரும்ப வந்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. என் அம்மா நின்ற தெரு அதுதான் என்று அன்றிரவு ரூமுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சரி, ஒரு ஈவினிங்கை எப்படிப் பிளான் பண்றது?

மேற்கிலிருந்து கிழக்கே நடங்கள். அதாவது தமிழ்ப் பகுதியில் ஆரம்பித்துக் கடலில் முடியுங்கள்.

மாலை 4 மணி: வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வைசியாள் வீதி, பெருமாள் கோயில் வீதி. நினைவு இல்லங்கள் பார்க்க வேண்டும் என்றால் திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திங்கள்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

5 மணி: டீ, பஜ்ஜி. ஞாயிற்றுக்கிழமை என்றால் மகாத்மா காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் இருக்கும். கூட்டத்தில் பர்ஸ் பத்திரம்.

5.30: வாய்க்காலைத் தாண்டி, மணக்குள விநாயகர் கோயில், பாரதி பூங்கா. பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம். தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதையை வைத்து எழுப்பியது. ஊருக்குத் தண்ணீர் வந்த நன்றிக்காக, ராணிக்கோ கவர்னருக்கோ இல்லாமல், ஒரு தாசிப் பெண்ணின் பெயரில் நிற்கும் நினைவுச்சின்னம்.

6 மணி: பீச் ரோடு. தடுப்பு போடும் நேரத்தில் அங்கே இருங்கள். ரோடு மாறுவதை நேரில் பார்க்கலாம்.

8 மணி: சாப்பாடு. ஒயிட் டவுனில் க்ரேப், பீட்சா வேண்டுமா, வாய்க்காலுக்கு மேற்கே மீன் குழம்பு, பரோட்டாவா, உங்கள் விருப்பம், உங்கள் பட்ஜெட்.

ஒரு வேண்டுகோள். இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். அடுத்தவர் வீட்டு வாசலில் ஏறி நின்று போட்டோஷூட் வேண்டாம். ராத்திரி 11 மணிக்குத் தெருவில் பாட்டு வேண்டாம். வார இறுதியில் நம் கார்களால்தான் அந்தக் குறுகிய தெருக்கள் திணறுகின்றன.

நம்ம ஊருக்கு இதுல என்ன?

திரும்பும் வழியில் காரில் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். பாண்டி மாலையின் சந்தோஷத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு முடிவுகள்தான் மிச்சம். ஒரு ரோட்டை மாலையில் வண்டிக்கு மூடியது. சில தெருக்களில் வீட்டு முகப்பை இடிக்காமல் விட்டது. இரண்டுக்கும் கடல் தேவையில்லை, பிரெஞ்சுக்காரரும் தேவையில்லை.

மற்ற ஊர்கள் செய்கின்றன. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970-களிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளைக் கார்களுக்கு மூடி, மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். வியட்நாமின் ஹோய் ஆன் பழைய துறைமுக நகரில் மாலையில் நடப்பவர்களுக்குத்தான் முதலிடம். அவ்வளவு தூரம் ஏன்? சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கிய பிறகு அங்கே உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பார்க்கிறோம்.

சங்ககிரியில் என்ன குறைச்சல்? தலைக்கு மேல் மலைக்கோட்டை. 1805 ஜூலை 31-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட கோட்டை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு ஊரே கூடும். மற்ற மாலைகளில் அடிவாரத்தில் குடும்பத்தோடு நடக்க என்ன இருக்கு? லாரித் தொழில் நமக்குச் சோறு போட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், ஒரே ஒரு தெருவில் வண்டி இல்லாமல் இருந்து பார்க்கலாமே? அதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். இரண்டு தடுப்பும், நகராட்சியும் போலீஸும் வியாபாரிகளும் உட்கார்ந்து எடுக்கும் ஒரு முடிவும் போதும்.

விழுப்புரம் தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. "ஏனுங்க, அந்த ஷட்டரை எடுத்துப்போட்டு மறுபடி திண்ணை கட்டினா என்ன செலவாகும்?" என்று கேட்டார்.

"பைக்கை எங்க நிறுத்தறது?" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போனதும், "கொத்தனாரைக் கேட்டுப் பாக்கலாம்" என்றார்.